பொது மைதானம் யாருக்குப் பொது?

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிய ஒரு கேள்விக்கு, "ஜார்ஜியா, ஃபுளோரிடா பல்கலைக்கழக அணிகள் தங்கள் ஊர்களை விட்டு ஜாக்சன்வில்லில் ஆடுவது அநியாயம்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்கத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். கறிவேப்பிலையைக் கிட்டத்தட்ட யாரும் சீண்டவில்லை. வந்த கடிதமெல்லாம் ஃபுட்பால். சரி, இந்த மாதம் அதுவே. பிள்ளை படிக்கும் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பாதிப் பேர் பயப்படுவதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகன் ஆஸ்டினில் படிக்கிறான். அக்டோபர் வந்தால் டெக்சஸ்–ஓக்லஹோமா ஆட்டம் பார்க்க நாலு நண்பர்களோடு டல்லஸ் வந்துவிடுகிறான். சாப்பாடு எங்கள் வீட்டில். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமாகப் பெரிய மைதானம் இருக்கும்போது எதற்கு மூன்றாவது ஊர்? – இர்விங், டெக்சஸ்

பெண் வீடு திருநெல்வேலி, மாப்பிள்ளை வீடு திருச்சி என்றால் மதுரையில் மண்டபம் பிடிப்போம் இல்லையா, அந்தக் கதைதான். டெக்சஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினிலிருந்தும் சரி, ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனிலிருந்தும் சரி, டல்லஸ் ஏறக்குறைய 190 மைல். 1929-லிருந்து ஓர் ஆண்டு விடாமல் அங்கேதான் ஆடுகிறார்கள். அப்போது இரண்டும் வேறு வேறு கான்ஃபரன்ஸ். (கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடு இல்லை, தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டு.) 1996-ல் பிக் 12 வந்தபோது ஒரே கூட்டுக்குள் வந்தார்கள். 2024-ல் இரண்டு பேருமே கைகோத்துக்கொண்டு எஸ்.இ.சி.க்குப் போனார்கள். (ஜார்ஜியா, ஃபுளோரிடா, அலபாமா எல்லாம் இருக்கும் கூட்டு.) மண்டபம் மட்டும் மாறவில்லை.

டல்லஸில் அவர்கள் ஆடும் காட்டன் பௌல் மைதானம் டெக்சஸ் மாநிலக் கண்காட்சித் திடலுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆட்ட டிக்கெட்டிலேயே கண்காட்சி நுழைவும் அடக்கம். 92,000 பேர் உட்காரும் இடத்தை நடுக்கோடான 50 யார்டு கோட்டில் கத்தி வைத்த மாதிரி பிரித்து, ஒரு பாதி டெக்சஸுக்கு, மறு பாதி ஓக்லஹோமாவுக்கு. ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் கருஞ்சிவப்பு. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக் கூச்சல் காதைக் கிழிக்கும், எதிர்ப் பக்கம் மூச்சு விடாது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை எண்ணெயில் பொரித்த எதையோ தின்றுவிட்டு இரண்டாம் பாதியைக் கழிப்பறை வரிசையில் நின்றே கேட்டேன்.

இதை நான் அநியாயப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். தூரம் சமம், இடம் சமம், டிக்கெட் சமம். சாப்பாடு போடும் உங்களுக்கு மட்டும்தான் நஷ்டம்.

என் பெண் ஏதென்ஸில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "எங்கள் ஹோம் கேம் அம்மா" என்று சொல்லிவிட்டு ஃபுளோரிடாவுக்குக் கார் ஏறுகிறாள். பக்கத்து மாநிலத்தில் என்ன ஹோம் கேம்? – அடையாறு, சென்னை

உங்கள் பெண் பொய் சொல்லவில்லை. ஜார்ஜியா–ஃபுளோரிடா ஆட்டம் 1933 முதல் ஜாக்சன்வில்லில் நடக்கிறது. இடையில் போர் நடந்த 1943-ல் ஆட்டமே இல்லை. 1994, 95-ல் அங்கே மைதானத்தை இடித்துக் கட்டியபோது மட்டும் அவரவர் ஊரில் ஆடினார்கள். ஏட்டில் ஓர் ஆண்டு ஜார்ஜியா "வீட்டுக்காரர்", மறு ஆண்டு ஃபுளோரிடா. ஆனால் மேப்பை எடுத்துப் பாருங்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில்லிலிருந்து ஜாக்சன்வில் சுமார் 70 மைல். ஏதென்ஸிலிருந்து 300 மைலுக்கு மேல். ஒரு வீட்டுக்காரர் ஒன்றரை மணி நேரத்தில் வருவார், இன்னொரு வீட்டுக்காரர் அரை நாள் கார் ஓட்டுவார். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.

ஜார்ஜியா பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டின் வருத்தம் தூரம் பற்றியது இல்லை. அவர் பல முறை வெளிப்படையாகச் சொல்லியிருப்பது, வீட்டில் ஆடினால் பள்ளியிலிருந்து வரப்போகும் ஆட்டக்காரர்களை அழைத்து வந்து மைதானத்தின் ஆரவாரத்தைக் காட்டலாம் என்பது. ஜாக்சன்வில்லில் அந்த உபசாரத்துக்கு வழி இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சத்திரத்தில் காபி கொடுக்கிற மாதிரி.

ஆனால் ஜார்ஜியா ரசிகர்களைக் கேளுங்கள், பாதிப் பேர் இடத்தை மாற்றாதே என்பார்கள். கடற்கரை, விடுமுறை, பழக்கம். 1995-ல் ஏதென்ஸிலேயே ஆடியபோது என்ன நடந்தது தெரியுமா? விருந்தாளியாக வந்த ஃபுளோரிடா 52 புள்ளி அடித்துவிட்டுப் போனது. சொந்த வீடு என்பதற்காகச் சுவர் காப்பாற்றாது.

ஜாக்சன்வில் மைதானத்தில் மறுபடி கட்டுமான வேலை நடப்பதால் ஆட்டத்தை 2026-க்கு அட்லாண்டாவிலும் 2027-க்கு டாம்பாவிலும் வைத்திருக்கிறார்கள். அட்லாண்டா ஏதென்ஸுக்குப் பக்கம், டாம்பா கெய்ன்ஸ்வில்லுக்குப் பக்கம். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு பழைய பட்டப்பெயர் உண்டு. உங்கள் பெண் சொல்லியிருக்க மாட்டாள். நானும் சொல்லப்போவதில்லை.

நான் கணக்காளர். "பொது மைதானத்தில் ஆடினால் இரண்டு பேருக்கும் சமம்தானே" என்கிறார் என் கணவர். கணக்குப்படி சரியா? – எடிசன், நியூ ஜெர்சி

எத்தனை ஆட்டம் என்பதைப் பொறுத்தது. இதை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

எஸ்.இ.சி.யில் 2025 வரை கான்ஃபரன்ஸ் ஆட்டம் எட்டு. எல்லாருக்கும் வீட்டில் நாலு, வெளியே நாலு. ஜார்ஜியாவின் முறை வரும் ஆண்டில் ஜாக்சன்வில் ஆட்டம் அந்த "வீட்டு நாலில்" ஒன்றாகக் கணக்காகும். அப்படியானால் ஏதென்ஸில் நிஜமாக நடப்பது மூன்றுதான். வெளியே நாலு அப்படியே இருக்கும். அதே பட்டத்துக்குப் போட்டியிடும் அலபாமாவுக்கோ வீட்டில் முழுசாக நாலு. ஆக ஜாக்சன்வில்லில் மோதும் இரண்டு பேருக்குள் இரண்டு ஆண்டு சேர்த்துப் பார்த்தால் சமம்தான், ஆனால் தனி ஓர் ஆண்டில் அவர்களுக்குள்ளும் சமம் இல்லை, மற்றவர்களோடும் சமம் இல்லை. இது யாரும் உரக்கச் சொல்லாத விஷயம்.

2026 முதல் எஸ்.இ.சி. ஒன்பது ஆட்டத்துக்குப் போகிறது. ஒன்பது ஒற்றைப்படை. சாதாரண அணிக்கு ஓர் ஆண்டு வீட்டில் ஐந்து வெளியே நாலு, மறு ஆண்டு நாலும் ஐந்தும். இப்போது டல்லஸ் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். டெக்சஸுக்கு ஐந்து வீட்டு ஆட்டம் வரும் ஆண்டில் டல்லஸை வீட்டுக் கணக்கில் வைத்தால் நிஜத்தில் வீடு நாலு, வெளி நாலு, டல்லஸ் ஒன்று. மறு ஆண்டு டல்லஸ் வெளிக் கணக்கில் போனால், அப்போதும் நாலு, நாலு, ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் தராசு நேராக நிற்கும். எட்டு ஆட்டத்தில் கோணலாக இருந்தது ஒன்பதில் நிமிர்ந்துவிடுகிறது. உங்கள் கணவர் ஒன்பது ஆட்டத்தை மனதில் வைத்துப் பேசினார் என்றால் அவர் சொன்னது சரி. இல்லை என்றால் நீங்கள் ஜெயித்தீர்கள்.

நீங்கள் ஆபர்னில் படித்தவர் என்று ஊருக்கே தெரியும். அலபாமா–ஆபர்ன் ஆட்டம் நாற்பது ஆண்டு பர்மிங்காமில் நடந்தபோது சத்தம் போட்டது உங்கள் ஆட்கள்தானே? இந்தப் பேச்செல்லாம் அங்கிருந்து வந்த வயிற்றெரிச்சல்தான்! – ஹன்ட்ஸ்வில், அலபாமா

ஆமாம், அதுதான். ஒளிக்க என்ன இருக்கிறது.

அலபாமாவும் ஆபர்னும் ஒரே மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள். 1907-க்குப் பிறகு சண்டை போட்டுக்கொண்டு 41 ஆண்டு ஆடாமல் இருந்தவர்கள் 1948-ல் மறுபடி ஆட ஆரம்பித்தபோது, பர்மிங்காமின் லீஜியன் ஃபீல்டைப் பொது இடமாக வைத்துக்கொண்டார்கள். டிக்கெட் பாதிப் பாதி. 1948 முதல் 1988 வரை அத்தனையும் அங்கேயேதான். பேச்சுக்குப் பொது. ஆனால் அலபாமா பல்கலைக்கழகத்தின் டஸ்கலூசாவிலிருந்து அது 60 மைல், எங்களுக்கு 110 மைல். அது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அலபாமா தன்னுடைய பெரிய வீட்டு ஆட்டங்களையெல்லாம் அதே லீஜியன் ஃபீல்டில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மண்டபம் பொது என்று சொல்லிவிட்டு, அது மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டு மாடி என்பதை மறைத்த கதை.

பேட் டை என்பவர் 1981-ல் ஆபர்னுக்குப் பயிற்சியாளராக வந்தார். அலபாமாவின் பயிற்சியாளர் 'பேர்' பிரையன்ட்டிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். அந்த வீட்டின் பரண் வரை தெரிந்தவர். பர்மிங்காம் ஒப்பந்தம் 1988-ல் முடிகிறது, 1989-ல் எங்கள் ஊரில்தான் என்று பிடிவாதமாக நின்றார். இழுபறிக்குப் பிறகு ஒரு சமாதானம்: 1989-ல் ஆபர்னில் ஆடலாம், 1991-ல் எங்கள் முறைக்கு ஒரே ஒரு தடவை பர்மிங்காமுக்குத் திரும்ப வேண்டும், அதோடு சரி.

நான் 1988 செப்டம்பரில் ஆபர்னில் இறங்கியவன். இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்ற அறிவோடு போனவன். 1989 டிசம்பர் 2, சனிக்கிழமை. ஒரு வாரமாகவே கடைவாசலில் நிறுத்தி மாணவர் டிக்கெட் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். என் அறைத் தோழர் விற்றுவிட்டு அந்தப் பணத்தில் ஊருக்கு இரண்டு மாதம் போன் பேசினார். நான் விற்கவில்லை. கொள்கை எல்லாம் இல்லை; கேட்டவர் சொன்ன தொகை எனக்குக் காதில் சரியாக விழவில்லை, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் விடுதியிலிருந்து மைதானத்துக்குத் தெருவில் நடந்து வருவது அங்கே வழக்கம். டைகர் வாக் என்பார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் நிற்க இடம் இல்லை. பெரிய பெரிய ஆட்கள், தொப்பி போட்ட விவசாயிகள், கண்ணீர் விட்டு அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஆட்டமே தொடங்கவில்லையே, யாரோ செத்துப்போய்விட்டார்கள் போல என்று நினைத்து நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். என் ஆய்வகத்தில் கூட வேலை பார்த்தவர்தான் விளக்கினார்: "என் அப்பா பர்மிங்காமுக்குக் காரோட்டியே காலத்தைக் கழித்தார். அலபாமாக்காரன் நம் ஊருக்கு வருவதைப் பார்க்காமலே போய்விட்டார்."

அலபாமா அன்றுவரை தோற்காத அணி. 85,000 பேருக்கு மேல் கூட்டம். ஆபர்ன் 30, அலபாமா 20. அன்று ராத்திரி டூமர்ஸ் முனையில் மரங்களில் கழிப்பறைக் காகிதத்தைச் சுருள் சுருளாக வீசினோம். (வெற்றி என்றால் அதுதான் அந்த ஊர் வழக்கம்.) நான் வீசியது மூன்று சுருள், அறைத் தோழர் மாதத்துக்கு வாங்கி வைத்திருந்தது. அவர் என்னை மன்னிக்க ஒரு வாரம் ஆயிற்று.

அலபாமாவும் கடைசியில் 2000-ல் தன் முறையை டஸ்கலூசாவுக்கே கொண்டுபோனது. 1901-க்குப் பிறகு அந்த ஊரில் முதல் தடவை. அன்றைக்கும் ஆபர்ன்தான் ஜெயித்தது, 9–0. ஹன்ட்ஸ்வில் நண்பருக்கு நினைவிருக்கும்.

அர்கன்சாஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் எதற்காக அத்தனை ஆண்டு ஆர்லிங்டனில் ஆடின? – பென்டன்வில், அர்கன்சாஸ்

டல்லஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மைதானம், டல்லஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணி ஆடும் இடம். அந்த அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ். அவர் 1964-ல் அர்கன்சாஸுக்கு ஆடியவர். உங்கள் ஆட்களுக்கு ஒரு பெரிய ஊர், பெரிய மேடை, டெக்சஸ் பையன்களின் கண்ணில் படும் வாய்ப்பு. நல்ல எண்ணம்தான். பலனைப் பாருங்கள்: எஸ்.இ.சி. எதிராளிகளாக ஆர்லிங்டனில் 2014 முதல் 2024 வரை பத்து ஆட்டம், அர்கன்சாஸ் ஜெயித்தது 2021-ல் ஒன்றே ஒன்று. அதில் மூன்று ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றது. 2022-ல் கடைசி நிமிடங்களில் அர்கன்சாஸ் உதைத்த பந்து கோல் கம்பத்தின் உச்சியில் பட்டுத் திரும்பியது. மைதானத்தின் மேல் பழி போட முடியாது, ஆனால் முந்நூறு மைலுக்கு மேல் போய் இதைப் பார்ப்பதற்கு வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று தோன்றாதா? தோன்றியது. 2025-ல் ஆட்டம் அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஊரான ஃபயட்வில்லுக்கு வந்தது. 45–42, அதுவும் ஏ அண்ட் எம்முக்கு.

இடத்தை விடுங்கள். யாரோடு ஆடுகிறார்கள் என்பதிலேயே ஓரவஞ்சனை இல்லையா? – ஹூஸ்டன்

இருக்கிறது. அதுதான் பெரிய விஷயம். மைதானம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் தூசு.

எல்லாரும் எல்லாரோடும் ஆடினால்தான் கேள்வி எழாது. பிக் 12 அப்படி இருந்தது. 2011 முதல் 2022 வரை, பெயர் பன்னிரண்டு என்றாலும் உள்ளே பத்துப் பேர், ஆளுக்கு ஒன்பது ஆட்டம், யாரும் யாருக்கும் தப்ப முடியாது. இப்போது அங்கே பதினாறு பேர். பிக் டென் என்ற இன்னொரு கூட்டில் பதினெட்டு. பதினேழு எதிராளி, ஒன்பது ஆட்டம் என்றால் எட்டுப் பேரைப் பார்க்காமலே சீசன் முடியும். 2024-ல் இண்டியானா 11 வெற்றி, ஒரு தோல்வியோடு வந்தபோது, அவர்கள் ஒரேகனையும் பென் ஸ்டேட்டையும் சந்திக்கவே இல்லையே என்று சிலர் குதித்தார்கள். இண்டியானா என்ன செய்யும், அட்டவணையை அவர்களா போட்டார்கள்?

எஸ்.இ.சி. கதை இன்னும் வேடிக்கை. ஏ அண்ட் எம் 2012-ல் சேர்ந்தது. 2023 வரை பன்னிரண்டு சீசன், ஜார்ஜியா ஒரு தடவைகூட ஏ அண்ட் எம்மின் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் கால் வைக்கவில்லை. ஒரே வீட்டு மருமகள்கள், ஒருத்தி அறையை ஒருத்தி பார்த்ததே இல்லை. புதிய ஒன்பது ஆட்டத் திட்டத்தில் ஆளுக்கு மூன்று நிரந்தர எதிராளி. மீதி பன்னிரண்டு பேரோடு ஆண்டுக்கு ஆறாகச் சுற்று. இரண்டு ஆண்டில் எல்லாரையும் பார்த்துவிடலாம், நாலு ஆண்டில் எல்லா ஊருக்கும் போய்விடலாம். சேரும் மாணவன் பட்டம் வாங்குவதற்குள் எல்லா ஊரும் முடிந்துவிடும் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

அட்டவணை மாறும்போது யாராவது ஒருவர் மாட்டுவார். 2012-ல் புது அணிகள் வந்தபோது ஜார்ஜியா ஆபர்னுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வரவேண்டியதாயிற்று. முதல் ஆண்டு 38–0 என்று எங்களைத் துவைத்துப் போட்டார்கள். இரண்டாம் ஆண்டு, 2013-ல், நாலாவது முயற்சி, 18 யார்டு பாக்கி, அரை நிமிடம்தான் மிச்சம். (நாலு முயற்சிக்குள் குறித்த தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும்.) ஆபர்ன் எறிந்த பந்து இரண்டு ஜார்ஜியாக்காரர்கள் கையில் பட்டுத் தெறித்து எங்கள் ஆள் ரிக்கார்டோ லூயிஸிடம் வந்து விழுந்தது. 73 யார்டு. 43–38, எங்களுக்கு. அந்த ஆண்டு ஆட்டம் முறைப்படி ஏதென்ஸில் நடந்திருந்தால் அந்தப் பந்து எங்கே விழுந்திருக்கும் என்று ஜார்ஜியா நண்பர் ஒருவர் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

புயல் வந்தால் யார் வீட்டில் ஆடுவது? – பேட்டன் ரூஜ், லூசியானா

2016-ஐத்தானே சொல்கிறீர்கள். மேத்யூ புயலால் அக்டோபரில் கெய்ன்ஸ்வில்லில் நடக்க வேண்டிய எல்.எஸ்.யூ. (உங்கள் ஊர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்)–ஃபுளோரிடா ஆட்டம் நின்றது. பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு நவம்பர் 19-ல் உங்கள் ஊருக்கு மாறியது. பதிலுக்கு அடுத்த இரண்டு ஆண்டும் கெய்ன்ஸ்வில்லில் என்று ஃபுளோரிடா வாங்கிக்கொண்டது. தன் வீட்டு ஆட்டத்தைத் தாரைவார்த்துவிட்டு வந்த ஃபுளோரிடா, கடைசி நொடியில் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் எல்.எஸ்.யூ.வைத் தடுத்து 16–10 என்று ஜெயித்தது. மறு ஆண்டு எல்.எஸ்.யூ. அங்கே போய் 17–16. எல்லாம் தலைகீழ். வீட்டு ஆட்டத்தின் மதிப்பு பற்றி நான் மேலே சொன்னதையெல்லாம் இந்த இரண்டு ஆட்டமும் கிண்டல் செய்கின்றன, தெரியும்.

பிளே-ஆஃப் ஆட்டங்களையாவது பொது மைதானத்தில் வைப்பதுதானே நியாயம்? – புளூமிங்டன், இண்டியானா

2024-ல் பன்னிரண்டு அணி பிளே-ஆஃப் (சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகள்) வந்தபோது முதல் சுற்றை மேல் வரிசை அணியின் ஊரிலேயே வைத்தார்கள். அந்த டிசம்பரில் வீட்டுக்காரர் நாலு பேரும் ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு அலபாமா நார்மனிலும் மயாமி காலேஜ் ஸ்டேஷனிலும் போய் ஜெயித்துவிட்டு வந்தன. சீசன் முழுக்க நன்றாக ஆடிச் சம்பாதித்த வீடு அது, கொடுக்கட்டும் என்பது என் கட்சி. கால் இறுதியிலிருந்து பொது இடம்.

அந்தப் பொது இடம் எவ்வளவு பொது என்பதற்கு உங்கள் ஊரைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 2026 ஜனவரி இறுதி ஆட்டத்துக்கு ஹார்ட் ராக் மைதானத்தை முன்பே குறித்துவைத்துவிட்டார்கள். இறுதிக்கு வந்தது மயாமி. அது அவர்கள் வழக்கமாக வீட்டு ஆட்டம் ஆடும் மைதானம். ஜெயித்தது இண்டியானா. நீங்கள் புகார் சொல்வது எனக்குப் புரியவில்லை.

ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தும் அந்த ஆட்டம் கணக்கில் வராதாமே? – ஃபிலடெல்ஃபியா

வராது. 2024-ல் ஆர்மியும் வந்து சேர்ந்த பிறகும், டிசம்பரில், கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டமே முடிந்த பிறகு, கணக்கில் சேராத ஆட்டமாகத்தான் ஆடுகிறார்கள். பெரும்பாலும் உங்கள் ஊரில். டிக்கெட் கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள்.

கறிவேப்பிலை பாதியில் நின்றுவிட்டதே? – ராலே, வட கரோலினா

உறைபனி விழுவதற்கு முன்னால் தொட்டியை உள்ளே எடுத்துத் தெற்குச் சன்னல் ஓரம் வையுங்கள். ஹீட்டர் காற்று நேராகப் படக் கூடாது. தண்ணீர் குறைவாக. இலை கொட்டினால் பயப்பட வேண்டாம். மிச்சம் அடுத்த இதழில்.